தரவு மையங்களும் நம் தண்ணீரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே தமிழ்ச் சங்கங்களின் வழக்கம். கம்பனைப் பற்றியோ இளங்கோவைப் பற்றியோ கேட்கும் ஆவலுடன் வந்தவர்கள் எம்மைச் சற்றே பொறுத்தருள வேண்டும். இவ்வாண்டு செயற்குழுவினர் எமக்கு இட்ட பணி வேறு. "நம் காலனிப் பிள்ளைகள் சிலர் டேட்டா சென்டர் வேலை என்று சொல்லி இரவில் போகிறார்கள், பகலில் உறங்குகிறார்கள். அது என்ன தொழில்? அதனால் நம் ஊருக்கு நன்மையா, தீமையா? வீட்டில் இருப்பவர்களுக்கும் விளங்கும்படி சொல்லுங்கள்" என்றார்கள். பணித்தவர்கள் பெரியோர்கள், மறுக்க இயலவில்லை.

டேட்டா சென்டர் என்பதைத் தரவு மையம் என்று இப்போது தமிழில் வழங்குகிறோம். காலையில் பால்காரருக்குக் கைப்பேசி வழியே பணம் செலுத்துகிறோம். சேலத்தில் இருக்கும் பேரனுடன் முகம் பார்த்துப் பேசுகிறோம். மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், ரயில் பயணச் சீட்டு யாவும் விரல் நுனியில் முடிகின்றன. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. வழியாக இந்நாட்டில் நடந்த பணப் பரிமாற்றங்கள் 2,000 கோடிக்கு மேல். இவற்றுள் எதுவும் நம் கைப்பேசிக்குள்ளேயே நடந்து முடிவதன்று. எங்கோ ஒரு கட்டடத்துள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகளைச் சென்றடைந்து, அங்கே கணக்கில் ஏறி, மீண்டு வருகின்றது. அத்தகைய கணிப்பொறிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்துக் காக்கும் கட்டடமே தரவு மையம்.

இளைஞர்கள் இதனைக் 'கிளவுட்' என்பர். மேகம் என்று பொருள். அப்பெயரைக் கேட்ட நம் முதியவர் ஒருவர், தம் பேத்தியின் திருமணப் படங்கள் எல்லாம் செயற்கைக்கோளில் இருப்பதாகவே நெடுநாள் எண்ணியிருந்தார். அவர் மேல் பிழை இல்லை. பெயர் வைத்தவர்கள் மேல்தான் பிழை. இந்த மேகம் சிமெண்டுக் கட்டடத்துள், கம்பி வேலிக்குப் பின்னால், காவற்காரர் நிற்க, தரையில்தான் இருக்கின்றது. மழை பொழிவதும் இல்லை. தண்ணீரைக் குடிக்கின்றது. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

உள்ளே சென்று பார்த்தால் நீண்ட கூடங்கள். நூலகத்தில் புத்தக அலமாரிகள் நிற்பது போல இரும்பு அடுக்குகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றுள் சர்வர் எனப்படும் கணிப்பொறிகள். கணிப்பொறிகளைவிட அவற்றைக் காக்கும் ஏற்பாடுகளே கட்டடத்தில் மிகுதி. அரசு மின்சாரம் நின்றால் அந்த நொடியே தாங்கிக்கொள்ள யு.பி.எஸ். பேட்டரிகள், பேட்டரி தீருமுன் ஓடத் தொடங்க டீசல் ஜெனரேட்டர்கள், வெப்பத்தை வெளியேற்றக் குளிர்நீர்ப் பொறிகள், ஒன்று பழுதானால் மாற்றாக இன்னொன்று. இத்தொழிலில் நம்பகத்துக்கு நான்கு படிகள் வகுத்திருக்கிறார்கள். மூன்றாம் படிக்கு 99.982 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்பது வழக்கில் உள்ள கணக்கு. ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே நிற்கலாம். நான்காம் படிக்கு அரை மணி நேரமும் கூடாது. நம் காலனியில் ஒரு கோடை மழை நாளிலேயே அவ்வளவும் தீர்ந்துவிடும்!

இனி மின்சாரத்தின் அளவைப் பார்ப்போம். தரவு மையங்களை மெகாவாட்டால் அளக்கிறார்கள். ஒரு மெகாவாட் இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 24,000 யூனிட். பத்து மெகாவாட் மையம் என்றால் மாதத்துக்கு 72 லட்சம் யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் 36,000 வீடுகளுக்கு அது போதுமானது. பத்து மெகாவாட் என்பது இன்று பெரிய மையமும் அன்று. நூறு மெகாவாட் மையங்களைப் பற்றிப் பேச்சு நடக்கின்றது. 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்துக்குக் கூகுள் நிறுவனம் அறிவித்த திட்டம் ஆயிரம் மெகாவாட் அளவினது. உலகத் தரவு மையங்கள் யாவும் சேர்ந்து 2024இல் 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவிட்டன என்றும், அது 2030இல் இரண்டு மடங்குக்கு மேலாகி 94,500 கோடி யூனிட்டை எட்டலாம் என்றும் பன்னாட்டு ஆற்றல் முகமை 2025இல் கணித்தது. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய கலை இந்தப் பசியைப் பெருக்கிவிட்டது. முன்பு ஓர் இரும்பு அடுக்குக்கு ஐந்தாறு கிலோவாட் போதும். இன்று அந்தக் கலைக்கென்றே செய்யப்படும் அடுக்குகளுள் சில 120 கிலோவாட்டுக்கு மேல் கேட்கின்றன. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் எண்பதை ஒரு பீரோவுக்குள் ஓட்டுவதற்கு இது ஒப்பாகும்.

மின்சாரத்தையும் இந்நாட்டுத் தமிழரையும் சேர்த்துப் பேசும்போது கோலாரை நினையாதிருக்க முடியாது. இந்த அவையில் கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல இருக்கின்றன. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டத்தின்படி, 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரியின் அருவியைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். அம்மின்சாரம் முதலில் எங்கே சென்றது? 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கச் சுரங்கத்துக்குச் சென்றது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதன் பின்னர், 1905இல். இடைவழியில் இருந்த சிற்றூர்களின் தலைக்கு மேலேயே மின்சாரம் ஓடிற்று. அவ்வூர்களின் கூரைக்குள் அது இறங்க நெடுங்காலம் ஆயிற்று. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர் அச்சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. இன்றும் அங்கே எஞ்சி நிற்பவை சயனைடு கலந்த மண்மேடுகளும், விடியலில் பெங்களூர் ரயிலுக்கு ஓடும் மக்களும்.

இதனைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. பெருந்தொழில் ஒன்று ஓர் ஊருக்கு வரும்போது, அது எதை எடுத்துக்கொள்கின்றது, எதை விட்டுச் செல்கின்றது என்று தொடக்கத்திலேயே கேட்கும் உரிமை அங்கே வாழ்பவர்களுக்கு உண்டு. கோலாரில் அக்கேள்வியைக் கேட்க நம் முன்னோர்க்கு வாய்ப்பு இருக்கவில்லை. நமக்கு இருக்கின்றது.

நாம் வாழும் இவ்வூரின் கதையும் ஒரு கனவிலிருந்து பிறந்ததுதான். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்துக்குத் தலைமை பூண்ட ஆர். கே. பாளிகா என்பார், கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில் 332 ஏக்கரில் 1978ஆம் ஆண்டு எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கினார். ஒசூர் சாலையில் அந்நாளில் ராகிக் கொல்லைகளே மிகுதி. 1991இல் மைய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு தோன்றிய பின்னர், செயற்கைக்கோள் வழியே வெளிநாட்டுக்கு வேலை அனுப்பும் வசதி கிடைத்தது. 1994இல் இன்போசிஸ் தன் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது. பிறவற்றை அவையோர் அறிவீர்கள். மேம்பாலம் 2010இல் வந்தது. மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன் பட்ட பாட்டை ஈண்டு விரிக்க வேண்டா.

கணிப்பொறி அறிவில் இந்நாட்டுக்கே தலைநகராக விளங்கும் பெங்களூரில் அல்லவா தரவு மையங்கள் மிகுந்திருக்க வேண்டும்? அவ்வாறில்லை. முதலிடம் மும்பைக்கு, அடுத்து வருவது நம் சென்னை. காரணம் கடல். நாடுகளை இணைக்கும் செய்திக் கம்பிகள் கடலடியில் வந்து கரையேறுகின்றன. இதில் சென்னைக்கு முதுமை உண்டு. 1870-71ஆம் ஆண்டுகளிலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி கடலடியில் போடப்பட்டது. நம்மவர் கப்பலேறி மலேயா சென்ற அதே வழியில் செய்தியும் சென்றது. பின்னர் 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒளியிழைக் கம்பி வந்தது. தொடர்ந்து வேறு பல வந்தன. அந்தமானுக்கும் 2020இல் சென்னையிலிருந்தே கம்பி சென்றது. அக்கம்பிகளை ஒட்டியே அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டு அரசு 2021இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. கர்நாடக அரசு 2022இல் வகுத்தது.

ஆயினும் கடலுக்கு அருகே இருப்பதில் வேறொரு சங்கடம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை யார் மறப்பர்? அடுத்த ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது கடற்கம்பி ஒன்று பழுதுபட்டு, இணையம் தென்னாடு முழுவதிலும் தளர்ந்தது. வங்கிகளும் அரசுத் துறைகளும் தம் கணக்கின் மறுபடி ஒன்றை, கடலும் புயலும் எட்டாத வேறோர் ஊரில் வைத்திருக்க விரும்புகின்றன. மும்பைக் கணக்குக்கு மறுபடி மும்பையிலேயே இருந்தால் பயன் என்ன? கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், பழைய பாறை மேல் அமர்ந்திருக்கும் பெங்களூர் அதற்குத் தக்க இடம். ஆதார் ஆணையத்தின் தரவு மையம் ஒன்று இந்நகரின் ஹெப்பாளில் இருப்பதும் கருதத்தக்கது. சென்னை இங்கிருந்து 350 கிலோமீட்டர்; ஒளியிழையில் செய்தி அத்தொலைவைக் கடக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு போதும். பேரூந்தில் போவோர்க்குத்தான் அது ஒரு தொலைவு.

மற்றொரு நன்மையை நம் வீட்டுச் சன்னலைத் திறந்தாலே உணரலாம். இக்கணிப்பொறிகளுக்கு உள்ளே புகும் காற்று 18 முதல் 27 பாகை வரை இருந்தால் போதும் என்று பொறியாளர் வகுத்திருக்கிறார்கள். பெங்களூரில் ஆண்டின் பல இரவுகளில் வெளிக்காற்றே அந்த அளவில், அல்லது அதற்கும் கீழே இருக்கின்றது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 16, 17 பாகைக்கும் இறங்குகின்றது. புழுதியை வடிகட்டி, ஈரத்தைக் கட்டுப்படுத்தினால், குளிர்ப்பொறியின் உழைப்பைப் பெரிதும் குறைக்கலாம். அம்பத்தூரில் மே மாதத்தில் இதனை எண்ணிப் பார்க்கவும் முடியாது. முன்னோர் இந்நகரின் காற்றைத் தேடி ஓய்வுக்கு வந்தார்கள். இயந்திரங்களும் அதனையே தேடி வருகின்றன போலும்.

இனி, தண்ணீருக்கு வருவோம். இவ்வுரையின் உயிர்ப்பகுதி இதுவே.

கணிப்பொறிக்குள் சென்ற மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகின்றது. அவ்வெப்பத்தை வெளியே தள்ள மிக எளிய, மலிவான வழி தண்ணீரை ஆவியாக்குவது. மண்பானையில் நீர் குளிர்வது எவ்வாறோ அவ்வாறே. கூரை மேல் கோபுரம் போல் நிற்கும் பொறியில் சுடுநீரைத் தெளித்து, விசிறியால் காற்றை ஊட்டி, ஒரு பங்கை ஆவியாக்கி மீதியைக் குளிர வைப்பார்கள். ஒரு மெகாவாட் வெப்பத்தை இவ்வாறே முழுதும் வெளியேற்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 35,000 லிட்டர் நீர் ஆவியாகும். இது பள்ளி மாணவனும் போடக்கூடிய பௌதிகக் கணக்கு. நம் காலனிக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்று. பத்து மெகாவாட்டுக்கு நாள்தோறும் முப்பது லாரி. அன்றியும், ஆவியாக எஞ்சும் நீரில் உப்புச் செறிவதால் அதனை அவ்வப்போது வெளியேற்றிப் புதுநீர் சேர்க்க வேண்டும். அதுவும் கணக்கில் ஏறும்.

2024 மார்ச்சு மாதத்தை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாநகரில் அரசின் ஆழ்துளைக் கிணறுகளுள் ஏறக்குறைய பாதி வறண்டன. குடிநீரால் வண்டி கழுவினாலும் செடிக்கு ஊற்றினாலும் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது. லாரித் தண்ணீருக்கு அரசே விலை குறிக்க வேண்டியதாயிற்று. காவிரி ஐந்தாம் கட்டம் அவ்வாண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வருவதற்கான திட்டம் அது. நன்று. ஆனால் அந்நீர் எப்படி வருகின்றது? ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து, ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஆகவே நம் குழாயில் வரும் ஒவ்வொரு குடம் நீரிலும் மின்சாரம் கலந்திருக்கின்றது. அந்த ஆற்றின் கடைமடையில், தஞ்சையில், நம்முள் பலருக்கு உறவினர் இருக்கிறார்கள். காவிரி நீரைப் பற்றிப் பேசும்போது இந்நகரில் தமிழர் நாவடக்கத்துடன் பேசுவது வழக்கம். அதன் காரணமும் அறிவோம். எந்தக் கரையில் நிற்பவருக்கும் இதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது: குடிக்கத் தகுந்த ஆற்றுநீரை இயந்திரத்தைக் குளிரவைக்க ஆவியாக்கி வானில் விடுவது அடாத செயல்.

அப்படியானால் தண்ணீரே இன்றிக் குளிர்விக்க முடியாதா என்பீர்கள். முடியும். காற்றால் மட்டுமே குளிர்விக்கும் பொறிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். மின்சாரம் கூடினால் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கூடுதலாக எரியும். அந்நிலையமும் நீர் குடிக்கும். ராய்ச்சூர் அனல்மின் நிலையம் கிருஷ்ணையின் நீரைக் கொண்டே இயங்குகின்றது. பெங்களூரில் மிச்சப்படுத்திய தண்ணீரை ராய்ச்சூரில் செலவழித்தால் நாட்டுக்கு என்ன ஆதாயம்? ஆதலால் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இதில் கர்நாடகமும் தமிழ்நாடும் நற்பேறு உடையன. தும்கூர் மாவட்டத்துப் பாவகடையில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில், 2,050 மெகாவாட் சூரிய ஒளி நிலையம் இருக்கின்றது. உழவர்கள் நிலத்தை விற்காமல் குத்தகைக்கே கொடுத்திருக்கிறார்கள். முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வதை நாகர்கோவில் செல்லும்போது பார்த்திருப்பீர்கள். ஆனால் பகலவன் மாலையில் மறைகிறான்; காற்று மே மாதம் முதல் செப்டம்பர் வரையே வலிமையுடன் வீசுகின்றது. தரவு மையமோ நள்ளிரவிலும் அதே அளவு கேட்கின்றது. இந்த இடைவெளியை நிரப்புவதே இத்தொழிலின் முன்னுள்ள மிகக் கடினமான வினா என்பது எம் கருத்து.

தண்ணீருக்கு விடை கண்டுபிடிக்கப்பட்டு விட்டது. செய்து காட்டியவர்கள் சென்னைக்காரர்கள். கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்று நிலைகளில் தூய்மையாக்கி, சவ்வு வடிகட்டியில் செலுத்தி, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டரை இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு 2019 முதல் அனுப்புகிறார்கள். கொடுங்கையூரிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கும் அவ்வாறே. பெங்களூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018இல் தொடங்கியது. நகரம் பெரிதாகப் பெரிதாகக் கழிவுநீரும் பெருகும். கோடையிலும் வற்றாத ஆறு அது ஒன்றே! குளிர்விக்கும் கோபுரங்களுக்கு அந்நீரைத் தவிர வேறு நீர் கூடாது என்று விதித்துவிட்டால் குடிநீரைப் பற்றிய அச்சத்தில் பெரும்பகுதி நீங்கும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். கோடிக்கணக்கில் முதலிடுவோர்க்கு அது பெரிய தொகையன்று.

சிங்கப்பூரின் அனுபவத்தையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுவோம். 2020இல் அத்தீவின் மின்சாரத்தில் ஏழு விழுக்காட்டைத் தரவு மையங்களே செலவிட்டன. 2019 முதல் மூன்று ஆண்டுகள் புதிய மையங்களுக்கு அங்கே இசைவு கொடுக்காமல் நிறுத்தி வைத்து, பின்னர் 2022இல் கடுமையான விதிகளுடன் திறந்தார்கள். இடைக்காலத்தில் தொழில் எதிர்க்கரையான ஜொகூருக்குச் சென்றது. கதவை அடைப்பதால் வரும் இழப்பும், கண்மூடித் திறப்பதால் வரும் துன்பமும் இரண்டும் அதில் தெரிகின்றன.

இளைஞர்கள் காத்திருக்கும் பகுதிக்கு வந்துவிட்டோம். வேலை கிடைக்குமா?

உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். மென்பொருள் நிறுவனம் ஒன்று அதே பரப்பில் ஆயிரம் பேருக்கு வேலை தரும். தரவு மையமோ கட்டி முடிந்த பின் பத்துக் கணக்கிலேயே ஆள் வைத்துக்கொள்ளும். கட்டும் காலத்தில் கொத்தனார், கம்பி கட்டுவோர், குழாய் பொருத்துவோர் என்று நூற்றுக்கணக்கானோர் இருப்பர், பின்னர்க் கலைவர். ஆகவே 'ஊருக்கெல்லாம் வேலை' என்று யாரேனும் மேடையில் முழங்கினால் நம்பிவிட வேண்டா.

ஆனால் அந்தப் பத்துக் கணக்கு எத்தகையது என்று பாருங்கள். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தின் குளிர்நீர் அமைப்பைப் புதுப்பிக்கும்போது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் தவறாக மூடப்பட்டன. கூடம் சூடேறியது. டி.பி.எஸ்., சிட்டி என்னும் இரு வங்கிகளின் கணிப்பொறிகள் நின்றன. ஏறத்தாழ 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் அன்று நிறைவேறாமற் போயின. கணிதமேதை ஒருவர் செய்த தவறு அன்று அது, குழாய் வேலை. தென்கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று, அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடமாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் முடங்கின. அரசு அலுவலர் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஓர் அமைப்பு முற்றும் எரிந்தது. அதற்கு மறுபடியே இருக்கவில்லை. கணிப்பொறியிற் சிறந்த நாட்டில் இவ்வாறு நேர்ந்தது!

இவற்றிலிருந்து விளங்குவது யாது? கோடி கோடியாகப் போட்ட முதல் ஓர் எலெக்ட்ரீசியன் கையிலும், ஒரு குளிர்சாதன மெக்கானிக் கையிலும் இருக்கின்றது. நம் குடும்பங்களில் பொறியியல் பட்டம் ஒன்றையே கல்வி என்று எண்ணும் மயக்கம் மிகுந்துவிட்டது. பட்டம் பெற்றுவிட்டு வேலையின்றி நிற்கும் பிள்ளையைவிட, ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன், குளிர்சாதன மெக்கானிக், டீசல் மெக்கானிக், கருவி மெக்கானிக் பிரிவுகளில் நன்கு பயின்ற பிள்ளைக்கு இத்தொழிலில் இடம் உண்டு. அவர்கள் கூடுதலாகக் கற்க வேண்டியவை சில: உயர் அழுத்த மின்சாரத்தில் பாதுகாப்பாக வேலை செய்யும் முறை, பேட்டரித் தீயை எதிர்கொள்ளும் முறை, எழுதி வைத்த நடைமுறையை வரி பிசகாமல் பின்பற்றும் பழக்கம். கடைசியிற் சொன்னது எளிதாகத் தோன்றும். நம்மவர்க்கு அதுவே அரிது. 'எனக்குத் தெரியும்' என்று ஒரு படியைத் தாண்டிச் செல்வதில்தான் விபத்துகள் பிறக்கின்றன.

பெற்றோர்க்கு ஒரு சொல். இவ்வேலையிற் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர் வழியே நடக்கின்றது. நியமன உத்தரவு, வைப்புநிதி எண், ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைக் கையில் வாங்கிய பின்னரே பிள்ளையை இரவுப் பணிக்கு அனுப்புங்கள். இரவு பணி முடித்து வந்தவன் பகலில் உறங்கினால் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அண்டை வீட்டார்க்கும் இதனைச் சொல்லி வையுங்கள்.

சட்டத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பணப் பரிமாற்றத் தரவுகள் இந்நாட்டிலேயே வைக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. 2022இல் மைய அரசு தரவு மையங்களை அடிப்படைக் கட்டமைப்பு என்று ஏற்றுக்கொண்டதால் நீண்டகாலக் கடன் எளிதாயிற்று. தனிமனிதர் தரவைக் காக்கும் சட்டம் 2023இல் நிறைவேறியது. இவற்றால் தொழில் வளர்வது உறுதி. நிறுத்த நினைப்பதும் வீண். நம் கையிலுள்ள கைப்பேசியே அதனை வளர்க்கின்றது.

தமிழன்பர்கள் மனம் குளிர ஒன்று சொல்லுவோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நூற்செல்வம் யாவும் இத்தகைய இயந்திரங்களில்தான் வாழ்கின்றது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார். இன்று நாம் அமர்ந்த இடத்திலேயே படிக்கிறோம். ஏட்டுக்குச் செல் பகை. இயந்திரத்துக்கு வெப்பமும் தீயும் பகை. நம் சங்கத்தின் பழைய மலர்களைப் படம் எடுத்து ஓர் அன்பர் தம் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்கிறாராம். தேஜான் கதையைக் கேட்ட பின்னரேனும் அவர் இன்னொரு படியை வேறோர் இடத்தில் வைக்க வேண்டுகிறோம்.

முடிக்குமுன் செயற்குழுவினர் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம். நம் சுற்றுவட்டாரத்தில் அடுத்த தரவு மையம் எழுகின்றது என்று கேள்விப்பட்டால், கன்னட அன்பர்களின் குடியிருப்போர் சங்கங்களோடு சேர்ந்து, தொழில் நகரிய ஆணையத்தினிடமும் குடிநீர் வாரியத்தினிடமும் எழுத்தில் கேட்க வேண்டும்: ஒவ்வொரு மாதமும் எவ்வளவு நீர், எந்த நீர்? டீசல் ஜெனரேட்டர்களை எந்த நேரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள், அவற்றின் புகைக்குழாய் எந்தப் பக்கம்? பேட்டரிக் கூடத்துக்கும் அடுத்துள்ள வீடுகளுக்கும் எவ்வளவு இடைவெளி, தீயணைப்பு வண்டி உள்ளே திரும்ப வழி உண்டா? இவை தமிழர் மட்டும் கேட்கும் கேள்விகளாக இருத்தல் ஆகாது. இவ்வூரார் யாவரும் சேர்ந்து, கன்னடத்தில் எழுதிக் கேட்பதே முறை.

மற்றொன்று, ஞாயிறு மாலைகளில் இந்த மண்டபத்தில் இரண்டு மணி நேரம் பயிற்சி வகுப்புக்கு இடம் தர வேண்டும். ஓய்வு பெற்ற மின்பொறியாளர் ஒருவரும், குளிர்சாதனத் துறையில் முப்பது ஆண்டு உழைத்த அன்பர் ஒருவரும் ஊதியம் பெறாமல் கற்பிக்க இசைந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், பெண்பிள்ளைகளும் வரலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் இசை நிகழ்ச்சி தொடங்குமுன் நூலக மேசையில் உள்ள ஏட்டில் பதிந்து செல்லலாம்.